நாலு தந்தியும் ஆறு எண்ணிக்கையும்

குறிஞ்சிப்பிட்டியில் பழைய மாணவிகள் ஆறு பேர் கூடி யூக்குலேலி பழகுகிறோம் என்ற செய்தி சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் வெளியான நாள் முதல் இரண்டு கேள்விகள் எங்களைத் தேடி வந்தவண்ணம் உள்ளன. முதலாவது, "இதென்ன ராத்தா, புள்ளைகள்ட வெளாட்டுச் சாமானா?" என்பது. இரண்டாவது சற்றுக் கனமானது. நூற்றாண்டு காணும் பாடசாலையின் பிள்ளைகள் நமது கரைக்குரிய ஒன்றைப் பழகாமல் எங்கோ கிடக்கும் ஹவாய்த் தீவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிவானேன்? இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் டொரொன்டோவில் இருக்கும் மூத்த மாணவி ஒருவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மலர்க் குழுவினர் அதற்கு விடையாகவே இந்த வரலாற்றுக் கட்டுரையைக் கேட்டனர். நமது பாடசாலையின் அதிபர்கள், கட்டடங்கள், பெறுபேறுகள் பற்றி இம்மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நாங்கள் நாலு தந்தியைப் பற்றி எழுதுகிறோம்.

யூக்குலேலி கிற்றாரின் குட்டித் தங்கை போன்றது. அதன் மிகச் சிறிய வகை ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர் நீளம். கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசிக்கலாம். இன்று அதற்கு நைலோன் போன்ற மென்மையான தந்திகளே போடப்படுகின்றன. ஹவாய் மொழியில் அதன் பெயர் உக்குலேலே. உக்கு என்றால் தெள்ளு, லேலே என்றால் துள்ளுதல். வாசிப்பவரின் விரல்கள் தெள்ளுப்பூச்சி துள்ளுவதைப் போலத் தந்திகளில் துள்ளுவதால் அப்பெயர் வந்தது என்பர். ஹவாயின் கடைசி அரசி லிலியுஓகலானிக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. இங்கு வந்து சேர்ந்த கொடை என்று அவர் பொருள் சொன்னார். அவரே பாடல் இயற்றியவர், பல கருவிகள் வாசித்தவர். 1893 இல் அவரது ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1895 இல் தமது அரண்மனையின் அறை ஒன்றிலேயே சிறை வைக்கப்பட்டார். அங்கும் பாட்டெழுதுவதை அவர் நிறுத்தவில்லை. பெண்கள் பாடசாலை மலர் ஒன்றில் இவர் பெயர் இடம்பெறுவது பொருத்தமே.

"வந்து சேர்ந்த" என்று அரசி சொன்னது வரலாற்றுக்கும் ஒத்து வருகிறது. 1879 ஆகஸ்ட் 23 ஆம் நாள் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலுலுத் துறைமுகத்தை அடைந்தது. ஏறக்குறைய நான்கு மாதக் கடற்பயணம். அத்திலாந்திக் கடலிலுள்ள போர்த்துக்கேயத் தீவான மதீராவிலிருந்து 400க்கும் மேற்பட்டோர் அதில் வந்திறங்கினர். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமாகி வந்த ஏழைக் குடும்பங்கள் அவை. அதே நூற்றாண்டில் நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து நடந்து வந்த மக்களை எண்ணிப் பார்த்தால் அக்கப்பலில் இருந்தவர்களின் நிலை விளங்கும். அவர்களுள் மனுவேல் நூனெஸ், ஒகுஸ்தோ தியாஸ், ஹொசே தோ எஸ்பிரித்து சாந்தோ என்ற மூன்று தளபாடத் தச்சர்கள் இருந்தனர். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் மூவரும் ஹொனலுலுவுக்கு வந்து தமது தொழிலைத் தொடங்கினர். அலமாரியும் மேசையும் செய்த கைகள் மதீராவின் சிறு கிற்றாரையும் செய்தன. உள்ளூர் கோவா மரம் அதற்கு நன்கு பொருந்தியது. மன்னர் கலாகவுவா அக்கருவியை விரும்பி அரண்மனை நிகழ்ச்சிகளில் இடம் கொடுத்தார். அதன் பிறகு அது ஹவாய் மக்களின் கருவியாகிவிட்டது.

மதீராவில் அச்சிறு கிற்றாரின் பெயர் மச்சேத்தே. அதற்கும் நான்கு தந்திதான். ஐந்து தந்திகள் கொண்ட ரஜாவோ என்ற இன்னொன்றும் அங்கு உண்டு. யூக்குலேலியின் உடல் மச்சேத்தேயிடமிருந்தும் சுருதி கூட்டும் முறை ரஜாவோவிடமிருந்தும் வந்தன என்பது ஆய்வாளர் கருத்து. இந்தச் சுருதி முறையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாசிப்பவரின் முகத்துக்கு அருகே மேலாக இருக்கும் நான்காம் தந்தி மிகத் தாழ்ந்த ஒலி தரும் என்றுதான் கிற்றார் கண்டவர் எதிர்பார்ப்பார். யூக்குலேலியிலோ அது உயர்ந்து ஒலிக்கும். மிகத் தாழ்ந்த ஒலி மூன்றாம் தந்தியில் இருக்கும். ஜி, சி, ஈ, ஏ என்று அவற்றைக் கூட்டுவார்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் உயரமானவள் முன்னுக்கு வந்து நின்றுவிட்டாள் என்று எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியையான ராத்தா இதற்கு உவமை சொல்வார். இது ஏன் முக்கியம் என்பதைக் கிள்ளி வாசிப்பது பற்றிச் சொல்லும்போது காண்போம்.

இனி நமது கரைக்கு வருவோம். மதீராக்காரர் ஹவாய்க்குப் போவதற்கு முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே நாட்டவர் இலங்கைக் கரையில் இறங்கினர். கற்பிட்டியும் அவர்கள் கைக்குப் போனது. பின்னர் ஒல்லாந்தர் வந்து 1667 இல் கோட்டை கட்டத் தொடங்கி 1676 இல் முடித்தனர். கற்பிட்டிக்குச் சுற்றுலா போன எல்லா வகுப்புகளுக்கும் இக்கோட்டை தெரியும். போர்த்துக்கேயரின் ஆட்சி போய்விட்டது, ஆனால் அவர்கள் சொற்கள் போகவில்லை. காலையில் உண்ணும் பாண், பாடசாலைக்கு அணிந்து சென்ற சப்பாத்து, எட்டிப் பார்த்து ஏச்சு வாங்கிய ஜன்னல், அதிபர் அறையின் அலமாரி, அதன் சாவி, மழைக்கு ஒதுங்கிய விறாந்தை எல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவையே. தமிழ்ப் பாடத்தில் திசைச்சொல் என்று படித்து மனனம் செய்திருப்போம்.

சொல்லோடு தாளமும் வந்தது. அதைத் தேடி நாங்கள் தூரப் போகவேண்டியிருக்கவில்லை. புத்தளம் நகரிலிருந்து சில கிலோமீற்றரில் சிரம்பியடி என்ற சிற்றூர் இருக்கிறது. ஆபிரிக்க வழித்தோன்றல்கள் சிலர் அங்கு தலைமுறைகளாக வாழ்கின்றனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என்று வந்த ஒவ்வொருவரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இங்கு கொண்டுவந்தனர். பிரித்தானியர் காலத்துப் படைப்பிரிவு கலைந்த பின் புத்தளத்தில் தங்கிவிட்ட வீரர்களின் வழிவந்தோரே சிரம்பியடியார். உப்பளத்தில் உழைத்தவர்கள் அவர்களுள் பலர். தமிழில் காப்பிரி என்போம். அறபுச் சொல்லிலிருந்து திரிந்து வந்த அப்பெயர் வேறு நாடுகளில் பெரும் வசை. இங்கோ அம்மக்களே அதைத் தம் பெயராக ஏற்றுக்கொண்டு வாழ்கின்றனர்.

அவர்களுடைய பாடலுக்கு மஞ்சா என்று பெயர். சிறு சிறு அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். மெல்லத் தொடங்கும் பாட்டு சூடேறி, விரைந்து, ஆட்டத்தில் போய் முடியும். றபான் அடிப்பார்கள். சிரட்டையோடு சிரட்டையைத் தட்டுவார்கள். கரண்டியும் கண்ணாடிப் போத்தலும்கூடத் தாளக் கருவிகளே. பாட்டின் மொழி இலங்கைப் போர்த்துக்கேயம், அதாவது இங்கேயே பிறந்து வளர்ந்த கலப்பு மொழி. அதுதான் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. இன்று அவர்களின் வீட்டு மொழி சிங்களம். பாட்டின் சொற்கள் பலவற்றின் பொருள் பாடுபவருக்கே தெரியாது. சொல்லின் பொருள் கரைந்து போயும் தாளம் அப்படியே நிற்கிறது. லண்டனில் வாழும் ஆய்வாளர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய பல ஆண்டுகளாக இதை எழுத்தில் பதிவு செய்துவருகிறார். எழுதி வைப்பது நல்லதுதான். ஆனால் சிரம்பியடியில் அது இதுவரை பிழைத்திருப்பது நாலைந்து பேர் ஒரு முற்றத்தில் உட்கார்ந்து சேர்ந்து தட்டியதால்.

இதே தாளம் வேறு வழியிலும் பரவியது. மட்டக்களப்புப் பறங்கியர் வயலினும் கிற்றாரும் றபானும் சேர்த்து காப்பிரிஞ்ஞா ஆடுவர். கரையோரச் சிங்கள மக்களிடையே அது பைலாவாயிற்று. பைலார் என்ற போர்த்துக்கேயச் சொல்லுக்கு ஆடுதல் என்று பொருள். பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் அதற்கு மேடை வடிவம் கொடுத்தார். தமிழில் 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசைப் பாடல்கள் கடல் கடந்து தமிழகம்வரை போயின. சுராங்கனி பாடாத சுற்றுலா பஸ் நமது பாடசாலையிலிருந்து புறப்பட்டதுண்டா? பின் ஆசனத்தில் இருந்தவர்கள் சோற்றுப் பெட்டியில் தட்டிய தாளம் எதுவென்று அன்று எங்களுக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்தால் ஆறு. மூன்றும் மூன்றும் ஆறு. முதல் அடியிலும் நான்காம் அடியிலும் அழுத்தம்.

இன்னொரு கிளையையும் சொல்ல வேண்டும். யாவாவில், இன்றைய ஜகார்த்தா நகரின் வடக்கே, துகு என்றோர் ஊர் உண்டு. 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அங்கு குடியேற்றிய போர்த்துக்கேய மொழி பேசிய மக்கள் தென்னாசியக் கரைகளிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தோர். அவர்களிடம் சிறு கிற்றார்கள் இருந்தன. அதிலிருந்து குரொஞ்சோங் என்ற இசை பிறந்தது. அதில் சக், சுக் என்று இரண்டு சிறு கருவிகள் வரும். ஒன்று தாள அடியில் ஒலிக்கும், மற்றது அடிகளுக்கு இடையில் ஒலிக்கும். கேட்பவர் காதுக்கு இரண்டும் பின்னிய பாய்போல ஒன்றாக வரும். ஆகவே சிறு கிற்றார் ஹவாய்க்கு மட்டும் போனதல்ல. போர்த்துக்கேயக் கப்பல் போன கரைகள் பலவற்றிலும் அது ஏதோ ஒரு பெயரில் இறங்கியிருக்கிறது. நமது கரையில் தந்தியைவிடத் தாளமே ஆழமாக வேரூன்றியது.

டொரொன்டோ சகோதரிக்கு எங்கள் விடை இதுதான். பெட்டி வெளியூர், அடி உள்ளூர்.

அந்த அடியைப் பெட்டியில் ஏற்றுவது அவ்வளவு இலகுவாக நடக்கவில்லை. யூக்குலேலியில் வலக்கை செய்யும் வேலை இரண்டு வகை. எல்லாத் தந்திகளையும் ஒருசேர மேலும் கீழுமாய் வருடுவது ஒன்று. விரல்களால் தந்தி தந்தியாகக் கிள்ளுவது மற்றது. இடக்கை பிடிக்கும் கோட்கள் கடினம் என்றுதான் எல்லோரும் பயப்படுவர். உண்மையில் சி கோட்டுக்கு ஒரு விரல் போதும், ஏ மைனருக்கும் ஒன்று, எஃபுக்கு இரண்டு, ஜி செவனுக்கு மூன்று. இந்த நான்கையும் ஒரு மாதத்தில் பிடித்துவிட்டோம். ஆண்டு முழுவதும் கேட்பது வலக்கைதான்.

இணையத்தில் பாடம் நடத்துவோர் பெரும்பாலும் முதலில் கற்பிப்பது நான்கு எண்ணிக்கையில் வரும் தீவு வருடல். கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். மூன்றாம் எண்ணிக்கையில் கை கீழே போகும், ஆனால் தந்தியைத் தொடாது. இந்தத் தொடாத அடியில்தான் புதியவர்கள் எல்லோரும் தடுக்குவர். அம்புக்குறி போட்ட தாளைப் பார்த்து அடித்தபோது ஆறு பேருக்கும் ஆறு விதமாக வந்தது. பிறகு எங்களில் ஒருவர் அதற்கு வாய்ப்பாட்டுப் போட்டார்: வா, வாடி, ஓடி வா. வாயால் சொல்லிக்கொண்டே அடித்தபோது கை தானாக இடம் விட்டது. பள்ளித் தோழியரை அழைக்கும் வாடி ஒன்று, கடற்கரையில் கருவாடு காயும் வாடி இன்னொன்று. எந்த வாடிக்கு ஓடுவது என்று சிரித்தபடி அன்று இருட்டும்வரை அடித்தோம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களப் பெண்கள் பெரிய பங்கு றபானைச் சுற்றி உட்கார்ந்து அடிக்கும்போதும் இதே முறைதான். ஒவ்வொரு தாளக்கட்டுக்கும் ஒரு வாய்மொழி வசனம் உண்டு. வசனம் தெரிந்தால் அடி தெரியும். மிருதங்கக்காரரின் தகதிமியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அடுத்து ஆறுக்கு வந்தோம். கீழ்-மேல் கீழ்-மேல் என்று மாறி மாறிப் பழகிய கை ஆறு எண்ணும்போது நான்காம் அடியில் மேல்நோக்கி வந்து நிற்கும். அங்கேதான் அழுத்தம் வேண்டும், ஆனால் மேல்நோக்கிய அடி இயல்பிலேயே மெலிந்தது. பைலா அங்கே நொண்டுகிறது. விடை, கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்று அடிப்பது. ஒவ்வொரு மூன்றின் தொடக்கமும் கீழ்நோக்கியே விழும். மூன்றாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் இடையில் கை ஓசையின்றி மேலே திரும்பியாக வேண்டும். அதற்கு மணிக்கட்டு இளகியிருக்க வேண்டும். முழங்கையால் அடிப்பவர் விரைவில் களைத்துப்போவார். இதற்கு எங்கள் வாய்ப்பாடு "கரையில் வலையை". சொல்லிப் பாருங்கள், மூன்றும் மூன்றும் சரியாக வரும்.

இந்த வாய்ப்பாட்டைத் தந்தவர் மீனவர் குடும்பத்துப் பெண். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டைச் சிறுவயதில் கேட்டவர். கூட்டமாகக் கயிறு பற்றி நிற்போர் ஒரே நொடியில் இழுத்தால்தான் வலை நகரும், அந்த நொடியைக் காட்டித்தருவதே அம்பா. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலை இழுக்கத் தொடங்கிய இடங்களில் பாட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. கையால் இழுத்தவர்களின் முதுகு நோவை வைத்தியசாலையில் பார்த்த நாங்கள் அந்த இயந்திரத்தைக் குறைசொல்லத் துணியமாட்டோம். ஆனாலும் பாட்டுப் போனது போனதுதான்.

கிள்ளி வாசிப்பதில் ஆறு எண்ணிக்கைக்கு ஓர் அழகான வழி இருக்கிறது. நாலாம், மூன்றாம் தந்திகள் பெருவிரலுக்கு, இரண்டாம் தந்தி சுட்டுவிரலுக்கு, முதலாம் தந்தி நடுவிரலுக்கு. நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு கிள்ளல்கள், ஆறு எண்ணிக்கை. உயரமானவள் முன்னுக்கு நிற்பதால் ஒலி படிப்படியாக ஏறி இறங்குவதில்லை. உயர்ந்து, சட்டென்று தாழ்ந்து, மறுபடி ஏறி, இறங்கும். களப்புப் பக்கத்துச் சிற்றலையைப் போல இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கடல் பக்கத்து அலைக்கு வருடல்தான் சரி. குறிஞ்சிப்பிட்டியில் இருந்துகொண்டு இரண்டையும் ஒப்பிடும் வசதி எங்களுக்கு இருக்கிறது.

வைத்தியத் தொழில் சார்ந்து சில சொற்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களின் கை எங்கள் தொழிலில் தினமும் எங்கள் முன் நீட்டப்படும் கை. பெருவிரல் அடி மூட்டுத் தேய்வு, மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு விரல் விறைப்பது, நீரிழிவு உள்ளோருக்கு விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வது எல்லாம் நமது வயதில் வருபவை. யூக்குலேலியின் கழுத்து ஒடுங்கியது, தந்தி மெதுவானது, ஆகவே கிற்றாரைவிட இக்கைகளுக்கு இசைவானது. தந்தியை உலோகக் கட்டையின் மேலே அழுத்தாமல் அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் பாதி விசை போதும். பத்து நிமிடம் வாசித்து இரண்டு நிமிடம் கையை உதறுங்கள். விரல் நுனி முதல் சில வாரங்கள் எரியும், பிறகு தோல் தடிக்கும். வலை பொத்தும் நமது சகோதரிக்கு அந்த எரிவு வரவே இல்லை. அவர் விரல்கள் எங்களுக்கு இருபது ஆண்டுகள் முன்னே போய்விட்டன. ஏற்கெனவே விறைப்போ வீக்கமோ உள்ளவர்கள் பழகத் தொடங்குமுன் அருகிலுள்ள வைத்தியரிடம் கையைக் காட்டுங்கள்.

இனி நமது பாடசாலைக்குள் வருவோம். நாங்கள் படித்த காலத்தில் நேரசூசியில் அழகியல் என்று ஒரு பாடவேளை இருந்தது. அதைக் கற்பிக்க ஆசிரியர் இருந்த ஆண்டுகளைவிட இல்லாத ஆண்டுகள் அதிகம். அந்தப் பாடவேளையில் கணிதம் செய்தோம், அல்லது தோட்டம் கூட்டினோம். வைத்தியர்களையும் ஆசிரியைகளையும் தாதியரையும் உருவாக்கிய பாடசாலை இது. அந்தக் கணிதப் பாடவேளைகளுக்கும் அதில் பங்குண்டு, மறுக்கமாட்டோம். ஆனால் இசை இல்லாமல் இருந்தோமா என்றால், இல்லை. கை தட்டும் விளையாட்டுகளில் இருந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரக்கணக்கில் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தனர். எங்களில் பெரும்பாலோர் அப்போது ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள். ஒரு வாங்கில் மூவர் இருந்த இடத்தில் ஐவர் ஆனோம். கிணறு, கொப்பி, மதிய உணவு எல்லாவற்றிலும் நெருக்கடி. பெரியவர்களிடையே மனத்தாங்கலும் இருந்தது. பிள்ளைகளிடையே அது அதிக நாள் நிற்கவில்லை. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் கையில் எதையும் கொண்டுவர முடியாமல் வந்தவர்கள். ஆனால் கை இருந்தது. எதிரெதிரே நின்று தட்டும் அவர்களுடைய விளையாட்டுப் பாட்டுகள் எங்களுடையவற்றைவிட வேகமானவை, கைமாறும் இடங்கள் வேறு. இடைவேளைக்கு இடைவேளை அவற்றைக் கற்றோம். எங்களுடையவற்றை அவர்கள் கற்றார்கள். எங்கள் ஆறு பேரில் இருவர் அப்படி வந்து இங்கேயே ஊன்றிவிட்டவர்கள். அவர்களும் நாங்களும் முதன்முதலில் ஒருவரையொருவர் தொட்டது அந்தத் தட்டலில்தான்.

தந்திக் கருவி பற்றி எங்கள் வீடுகளில் ஒரே கருத்து இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப வரும் பாவாவின் றபான் ஒலியில் வளர்ந்தவர்கள் நாங்கள். றபான் ஆகும், தந்தி ஆகாது என்று கருதுவோர் எங்கள் குடும்பங்களிலும் இருக்கின்றனர். எங்களில் ஒருவர் அக்கருத்தை மதித்துத் தந்தியைத் தொடுவதில்லை. அவர் சிறு றபானோடு வட்டத்தில் உட்காருகிறார். விவாதம் செய்து யாரும் யாரையும் மாற்றவில்லை. அவர் வந்த பிறகுதான் எங்கள் ஆறு எண்ணிக்கை நேராக ஓடத் தொடங்கியது என்பது ஐவரின் சாட்சியம். தந்தி எடுக்கும் ஐவரில் மூவர் அடியிலும் இருவர் இடையிலுமாக, துகு ஊராரின் சக், சுக் முறையில் பிரிந்து பார்த்தோம். முதல் மூன்று வாரம் சந்தை இரைச்சல். நான்காம் வாரம் ஏறக்குறைய ஒரு நிமிடம் பாய் பின்னியது.

தனியாக வீடியோ பார்த்துப் பழக முடியாதா என்று பலர் கேட்கின்றனர். கோட் பிடிக்கப் பழகலாம். தாளத்துக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். கனடாவின் ஹலிஃபக்ஸ் நகரில் ஜே. சாமர்ஸ் டோன் என்ற இசைக் கல்வியாளர் 1967 முதல் பாடசாலைகளில் யூக்குலேலியைக் கொண்டே பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார். மலிவு, சிறியது, வாசித்துக்கொண்டே பாடலாம், நான்கு தந்தியில் நான்கு குரல் இசையையும் காட்டலாம் என்பன அவருடைய காரணங்கள். அவர் முறை நாடெங்கும் பரவியது. புல்லாங்குழல் ஊதும் பிள்ளை பாட முடியாது, யூக்குலேலிப் பிள்ளை பாடலாம் என்ற ஒரு வித்தியாசமே போதும் என்று எங்களுக்குப் படுகிறது.

வெளிநாட்டுச் சகோதரிகளுக்காக ஒரு குறிப்பு. சூமில் சேர்ந்து வாசிக்க முயன்றோம். தோஹாவிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் ஒலி வந்து சேர ஒரு செக்கனின் சிறு பங்கு பிந்தினாலே ஆறு எண்ணிக்கை சிதறிவிடுகிறது. ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருந்து எல்லோரும் மெல்ல மெல்ல நின்றுபோவோம். இதற்கு வழி, ஒருவர் மட்டும் ஒலிக்க மற்றவர்கள் தமது ஒலிவாங்கியை அடைத்துவிட்டுச் சேர்ந்து அடிப்பது. தன் அடி சரியா என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் இல்லாத குறை அதில் இருக்கிறது. ஆகவே உங்கள் நகரில் பழைய மாணவி இன்னொருவரைத் தேடுங்கள். இருவர் போதும்.

நூற்றாண்டுக்கு நுழைவாயில் வளைவு கட்டாத பாடசாலை மாவட்டத்தில் குறைவு. நமக்கும் ஒன்று வரும்போல் இருக்கிறது, வரட்டும். அதற்குச் சேரும் நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, அழகியல் பாடவேளைக்கென்று பன்னிரண்டு யூக்குலேலிகளும் ஆறு றபான்களும் வாங்கும்படி சங்கத்தின் செயற்குழுவுக்கு எழுத்தில் கேட்டிருக்கிறோம். உப்புக் காற்றில் உலோகச் சாவிகள் துருப்பிடிக்கும் என்பதால் உறையோடு வாங்க வேண்டும், தந்திகளில் மேலதிகத் தொகுதியும் வேண்டும். ஆசிரியர் நியமனம் வரும்வரை சனிக்கிழமைகளில் எங்களில் இருவர் வருவோம். தரம் 6 இலிருந்து 8 வரையுள்ள பிள்ளைகளில், ஒரு குழுவுக்கு ஆறு பேருக்கு மேற்படாமல் எடுப்போம். முதல் பாடம் "கரையில் வலையை". "வா, வாடி" இரண்டாம் தவணைக்கு. விடுமுறைக்கு ஊர் வரும் சகோதரிகள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் எங்கள் வட்டத்துக்கு வரலாம். கருவி இல்லாவிட்டால் இரண்டு சிரட்டை கொண்டுவாருங்கள்.